பெரிய வெள்ளியில் ஒட்டிய கித்தான்

கடல் தாண்டித் தீவில், பெரார்கஞ்ச் பக்கம் சாலை போட்ட குத்தகைக்காரரிடம் நான் தச்சனாக இருந்த காலத்தில் எங்களுக்கு நிலையான வீடு கிடையாது. சாலை நீள நீளக் கூடாரமும் நகரும். அந்தக் கூடாரத்து ஈரத்தில்தான் என் மனைவிக்கு இழுப்பு வந்தது. கைக்குழந்தையோடு அவளைத் தூத்துக்குடிப் பக்கம் தாய்வீட்டுக்கு அனுப்பினேன். காய்ந்த இடம் ஒன்று ஏற்பாடு செய்து கூப்பிடுகிறேன் என்றேன். எட்டு மாதம் ஓடிவிட்டது.

கடைசியில் அவளுடைய அண்ணன் கடிதம் போட்டார். உயிர்ப்பு ஞாயிற்றுக்கு மறுநாள் கப்பல் வருகிறது, நானே கூட்டி வருகிறேன், இடம் சரியில்லை என்றால் அதே கப்பலில் திரும்பக் கூட்டிப்போவேன் என்று எழுதியிருந்தார்.

குத்தகைக்காரர் கழித்துப்போட்ட பழைய டிரெய்லர் ஒன்றின்மேல் அறை கட்டிக்கொண்டிருந்தேன். கூடாரம் நகரும்போது ஜீப் அதை இழுக்க வேண்டும். கனத்த படாக் மரப் பலகையில் சுவர் வைத்தால் சக்கரம் தாங்காது. துறைமுகத்தில் மீன் குளிரறைக்கு வந்து மிஞ்சிய தெர்மோகோல் பலகைகள் கிடைத்தன. நாலு விரல் கனம், எடையே இல்லை. மரச்சட்டத்துக்குள் அதைப் பொருத்தி, மேலே கித்தானை ஒட்டி, பெயின்ட் அடித்தால் தண்ணீர் இறங்காது என்று நினைத்தேன்.

நான் கடற்கரைக்காரன். தண்ணீர் இறங்கக்கூடாதென்றால் எங்கள் ஊரில் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிச் சூடாகப் பூசுவார்கள். வள்ளத்துக்குச் சரியானது சுவருக்கு ஆகாதா என்று, புனித வாரத்துப் புதன்கிழமை காய்ச்சி ஊற்றினேன். ஊற்றின இடமெல்லாம் பலகை குழிந்து சுருங்கிப் புகைந்தது. ஒரு பக்கச் சுவர் முழுக்கப் போயிற்று.

பக்கத்துக் கூடாரத்து லாரி டிரைவர், மதுரைக்காரர், எட்டிப்பார்த்தார்.

"என்னண்ணே, அப்பளம் பொரிக்கிறீங்களா?"

மறுநாள் அவர் லாரியிலேயே போய் மிச்சப் பலகையும் தச்சுவேலை வெள்ளைப் பசையும் வாங்கி வந்தேன். இப்படியாக அந்தச் சுவரில் கித்தான் ஒட்டும் வேலை பெரிய வெள்ளியன்று வந்து நின்றது. பசை காய ஒரு நாள், பெயின்ட் காய ஒரு நாள். தள்ளிப்போட வழியில்லை. மூன்று மணி வழிபாடு முடிந்து வந்து, ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தொடங்கினேன்.

பசையில் நனைந்த கித்தான் தன் பாரத்திலேயே வழுக்கி இறங்கியது. ஓரத்தில் சின்ன ஆணி அறைந்தால் நிற்கும். ஆனால் ஆண்டவரை அறைந்த நாளில் எங்கள் வீட்டில் யாரும் சுத்தியல் எடுத்ததில்லை.

"கொண்டாங்க, நான் அடிக்கிறேன்" என்றார் டிரைவர். "நான்தான் வேற சாமியாச்சே. உங்களுக்குப் பாவம் வராது."

"செவரு என்னுதுல்லா. யாரு அடிச்சாலும் என் ஆணிதான்."

"அரே பாபா! அப்ப புடிச்சுக்கிட்டே நில்லுங்க."

நின்றேன். திட்டிக்கொண்டே அவரும் மறுமுனையைப் பிடித்தார். நடுவில் மூங்கில் முட்டு, சுற்றிலும் கயிறு. ஒருசந்தி நோன்பு இருந்த வயிறு. கை மரத்துப்போயிற்று. மனதுக்குள் செபமாலை சொன்னேன். எந்த மணியில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை.

"அண்ணே, இன்னைக்குக் கெட்ட வார்த்தை பேசலாமா, அதுவும் கூடாதா?"

"பேசாதிய."

"அப்ப சீக்கிரம் காயச் சொல்லி உங்க சாமிகிட்டக் கேளுங்க."

பொழுது சாயும்போது கித்தான் பிடித்துக்கொண்டது. சுருக்கங்கள் நிறைய. சனியும் ஞாயிறும் பெயின்ட் அடித்தேன்.

திங்களன்று மச்சான் சுவரைத் தடவிப் பார்த்தார். "என்ன மாப்ள, வயசான யானை மாதிரியில்லா இருக்கு!" பிறகு இரண்டு வாளித் தண்ணீரை அதன்மேல் வீசிவிட்டு உள்ளே போய்த் தொட்டார். காய்ந்திருந்தது.

ஆனால் பெயின்ட் வாடை அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதல் நாளே இழுப்பு. மறுநாளும் விடவில்லை. கப்பல் புறப்படும் காலையில் மச்சான் அவள் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தார்.

"எடம் நல்ல எடந்தான் மாப்ள. ஒம்மக் கொற சொல்லல. மூச்சு முட்டுதே அவளுக்கு."

அவர் சொல்வதுதான் நியாயம் என்று எனக்கும் தோன்றியது.

அவள் குழந்தையை இடுப்பில் வைத்தபடி வாசலில் நின்றாள். "பெட்டிய உள்ள வைண்ணே. வாட போயிரும்."

"போகலன்னா?"

"எட்டு மாசமா அங்க நல்லாத்தான் மூச்சு விட்டேன். அத மட்டுந்தான் செஞ்சேன்."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் பெட்டியை எடுத்து உள்ளே வைத்தேன்.

அவரைத் தனியாகக் கப்பலேற்றிவிட்டு வந்து, சுவரோரம் உட்கார்ந்து நன்றி செபம் தொடங்கினேன். பாதியிலேயே தூங்கிப்போனேன். அவள் எழுப்பவில்லை.