விளாம்பழ ஜூஸும் உறைந்து நின்ற லினக்ஸும்

இரண்டாயிரமாம் ஆண்டு, வெயில் காலம். வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்னக் கடை. கடையில் ஒரே ஒரு கொம்பியூட்டர். அது காரணம் சொல்லாமல் உறைந்து உறைந்து நின்றது. நடந்தது இவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கடையை நினைத்தால் முதலில் வருவது விளாம்பழ வாசம்... பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் சிவம் அண்ணையின் கூல்பார். அவர் பழத்தை உடைத்தால் புளிப்பும் இனிப்புமாய் ஒரு வாசம் பலகை இடுக்கால் வந்து என் கீபோர்ட் வரைக்கும் நிற்கும்.

நான் விசுவமடுவில் சைக்கிளில் வெங்காயம் கட்டி வியாபாரம் தொடங்கியவன். கொம்பியூட்டர் படித்தவன் இல்லை. ஆனால் ஊர் விட்டு வந்த சனத்துக்கு எந்த அலுவலுக்கும் இங்கிலிஷில் கடிதம் தேவைப்பட்டது. எழுதிக்கொண்டு வந்தால் பார்த்து அடித்துக் கொடுக்க ஆள் குறைவு. எனக்கு அது போதும். கொழும்பில் பழைய கொம்பியூட்டர்ப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தேன்.

அதில் இருந்த விண்டோஸை வைரஸ் தின்று முடித்தது. கொழும்பில் கெம்பஸ் படித்துக்கொண்டிருந்த நண்பன் குகன் இரண்டு சீடி அனுப்பினான்.

"இது லினக்ஸ். காசும் இல்லை, வைரஸும் வராது. பயப்பிடாமல் போடு மச்சான்."

போட்டேன். நல்லாத்தான் ஓடியது... பட்டப்பகலில் திடீரென்று நிற்கத் தொடங்கும்வரை.

மவுஸ் அசையாது. எந்தக் கீயை அமத்தினாலும் ஒன்றும் நடக்காது. ஓஃப் பண்ணித் திரும்பப் போட்டால், டிஸ்க் முழுவதையும் சோதித்துப் பார்த்த பிறகுதான் எழும்பும். ஸ்கிரீனில் எத்தனை வீதம் முடிந்தது என்ற கணக்கு எறும்பு போல ஏறும்.

அதற்குள் வந்த ஆள் எழும்பிப் போய்விடக் கூடாதே... பலகையில் தட்டுவேன். "அண்ணை, இவருக்கு ஒரு விளாம்பழ ஜூஸ்!" ஆள் குடித்துக்கொண்டு இருப்பார். சில வேளை அவர் குடித்து முடிக்க முன்னமே பெட்டி திரும்பவும் நின்றுவிடும்.

உள்ளே இருந்த ரம் என்ற மெமரித் தகட்டைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்துப் போட்டேன். மூடியைத் திறந்து பக்கத்தில் ஃபேன் வைத்தேன். சரிவரவில்லை. குகனுக்குப் போன் எடுத்தேன். பெட்டி தனக்கு நடந்ததையெல்லாம் எழுதி வைக்கிற லொக் பைலைப் பார்க்கச் சொன்னான். பார்த்தால், நின்ற நேரத்தில் ஒரு வரிகூட இல்லை.

"ஒண்டும் எழுதேல்லை எண்டால், அதுக்கு எழுத நேரம் கிடைக்கேல்லை மச்சான். லினக்ஸில பிழை இல்லை. வெளியில இருந்து என்னவோ அடிக்குது. தேடு."

வெளியில் எங்கே தேடுவது? இரவில் தனியே ஓடவிட்டுப் போனால் விடியும்வரை நிற்காமல் ஓடுகிற பெட்டி அது!

ஒரு நாள் பிலோமினா அக்கா வந்தா. முல்லைத்தீவுக் கரையில் கடலை நம்பி வாழ்ந்த குடும்பம். இடம்பெயர்ந்து வந்த இடத்தில் கடல் இல்லை, குளம்தான் இருந்தது. அந்தக் குளத்தில் மீன் பிடிக்க வள்ளமும் வலையும் கேட்டு, தன்னோடு வந்த குடும்பங்கள் எல்லாவற்றுக்குமாக ஓர் உதவி நிறுவனத்துக்கு விண்ணப்பம் போடுகிறா. அன்று பின்னேரம் நாலு மணியோடு கடைசி. பாதர் எழுதிக் கொடுத்த இங்கிலிஷ் தாள்கள் கையில்.

பாதி அடிக்க, நின்றது. எழுப்பித் திரும்ப அடித்தேன். திரும்பவும் நின்றது. பழக்கத்தில் என் கை பலகைப் பக்கம் போனது.

"எனக்கு ஜூஸ் வேண்டாம் தம்பி. ஜூஸாலயே மீன் பிடிக்கிறது? கடுதாசியைத் தா."

கையை எடுத்துவிட்டேன். பெட்டி ஒழுங்காய் எழும்பியது. அடிக்க அடிக்க ஓடியது... பிறகு அந்தப் பக்கம் யாரோ விளாம்பழம் கேட்டார்கள். பிளெண்டர் கர்ர்ர் என்றது. என் கண்ணுக்கு முன்னால் ஸ்கிரீனில் இருந்த படம் நாலு பக்கமும் ஒரு விரல் உள்ளுக்குச் சுருங்கியது. உறைந்தது.

இரண்டு கடைக்கும் ஒரே மீட்டர், ஒரே பழைய வயர். தேசிக்காயை அண்ணை கையால் பிழிவார், அதனால் ஒன்றும் ஆகாது. விளாம்பழம் தடிப்பு. பிளெண்டர் இழுக்கிற இழுவையில் வோல்டேஜ் விழுந்துவிடும். கூல்பாரில் ஆட்களுக்கு எதில் ஆசை வருகிறதோ, அதைப் பொறுத்து என் பெட்டி சாகும். இரவில் கூல்பார் பூட்டு, அதனால் சாவு இல்லை. அந்த விளாம்பழ ஜூஸில் முக்கால்வாசி நானே தட்டி எடுப்பித்தது!

இதை அக்காவுக்குச் சொல்லி முடிக்க முன்னம் ஆளைக் காணோம். பலகைக்கு அந்தப் பக்கம் சிவம் அண்ணையின் குரல்.

"ஐயோ அக்கா, என்ன செய்யிறியள்? வயரைப் பிடுங்காதேங்கோ!"

"பிடுங்கியாச்சு. தம்பி அடிச்சு முடிக்குமட்டும் இஞ்ச ஆருக்கும் விளாம்பழம் இல்லை."

"அப்ப என்ர வியாபாரம்?"

"எனக்கு ஒரு தேசிக்காய் தாரும். காசு அவன் தருவான்."

கடைசிப் பக்கம் பிரிண்டரால் வெளியே வரும்வரை அக்கா வயரை விடவில்லை. மூன்றரைக்கெல்லாம் தாள்களோடு அந்த நிறுவனத்துக்குப் போய்விட்டா.

சில மாதம் கழித்து, ஈரச் சாக்கில் சுற்றிய குளத்து மீன் என் மேசையில் வந்து விழுந்தது.

"இந்தா தம்பி. ஜூஸால பிடிச்ச மீன்."

இப்போது கிளிநொச்சியில் கடை. யூபிஎஸ் இருக்கிறது, கூரையில் சோலர் இருக்கிறது. இன்றைக்கும் லினக்ஸ்தான். எப்போதாவது உறைந்தால் போனில் தேட விடை வந்துவிடுகிறது. பக்கத்துக் கடையில் என்ன குடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது...

ஆனால் அன்று, அந்த வவுனியாக் கடையில், வயரை மாற்றக் கட்டிடச் சொந்தக்காரர் விடவில்லை. யூபிஎஸ் வாங்க எனக்கு வசதி இல்லை. ஆகவே நானும் சிவம் அண்ணையும் பலகைக்கு இரண்டு பக்கமும் நின்று பேசி முடித்தோம். நான் ஒரு தட்டுத் தட்டினால் பிளெண்டர் ஓடக்கூடாது. இரண்டு தட்டினால் ஓடலாம். பதிலுக்கு அவருடைய விலைப்பட்டியல் எல்லாம் என் செலவில் அச்சு. என் கடையில் காத்திருக்கும் ஆட்களுக்கு அவரிடம்தான் வாங்கிக் கொடுக்க வேண்டும், தேசிக்காய் மட்டும். விளாம்பழம், கடிதம் கையில் கிடைத்த பிறகு.