மண்ணெண்ணெய்ச் சோறு

செம்பரம்பாக்கம் ஏரி நிரம்புகிறது. கரண்ட் போனால், வெள்ளம் வந்தால் என்று மகன் மாடியில் சாமான் அடுக்கினான். ஜெனரேட்டருக்கான டீசல் கேனை அரிசி மூட்டைமேல் வைத்தான். அந்த வாடையில் எனக்குக் குமட்டியது.

சின்ன வயதில் ஒரு வெள்ளத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். லாந்தருக்கு மண்ணெண்ணெய்ப் புட்டியை அப்பா அரிசி மூட்டைக்குள்ளேயே சொருகினார். “மூடி டைட்டா கீது. இன்னா மூளை பாரு எனக்கு!”

வழியெல்லாம் கசிந்தது. எத்தனை கழுவியும் சோறு நாறியது. “துன்னுங்க, வேற இல்ல” என்றாள் அம்மா. தங்கச்சி தின்றாள், கக்கினாள், பசியில் மறுபடி தின்றாள். த்தூ!

படிக்காமலே குன்றத்தூரில் மூணு மாடி கட்டியவன் நான். அந்த நாற்றம் மட்டும் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.

“மூடி டைட்டா இருக்குப்பா” என்றான் மகன்.

“உங்க தாத்தாவும் இதையேதான்டா சொன்னாரு. எடுடா கேனை!”