கம்பை உள்ளே வைத்துவிட்டு வந்தேன்

சம்பா அறுவடை முடிந்து, களத்திலிருந்து நெல் மூட்டைகளை லாரியில் ஏற்றினோம். ஏற்றி முடித்ததும் நான் வாய்க்கால் மதகின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டிரைவர் செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, பேசியபடியே வண்டியைப் பின்னுக்கு எடுத்தார். பின்னால் நின்று பார்க்கக் கிளீனர் இல்லை. நான் கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. லாரி என்னைச் சுவரோடு வைத்து அழுத்தியது.

தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து இடுப்பில் தகடு வைத்தார்கள். அதன் பிறகு எனக்குக் கம்பு இல்லாமல் நடை இல்லை. குந்தி உட்கார முடியாது. மூட்டை தூக்குவதையும் குத்தகைக்குப் பார்த்த ரெண்டு ஏக்கரையும் நினைக்கவே வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், உடம்பால் செய்கிற வேலை தவிர வேறு எதுவும் தெரியாது. லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டோம். கிடைத்தால் ஆஸ்பத்திரிக் கடனை அடைத்துவிட்டு, வீட்டு வாசலில் ஒரு பெட்டிக்கடை வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பிழைத்துக்கொள்ளலாம் என்று நானும் மனைவியும் பேசி வைத்திருந்தோம். அவள் அந்த இடத்தைப் பெருக்கி மண் அடித்து, நாலு மூங்கில்கூட நட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில் பெண்ணுக்கும் வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு இடம், பையன் சிங்கப்பூரில் வேலை. ஜாதகம் பொருந்தியிருந்தது. அவர்கள் வந்து விசாரிப்பதுதான் பாக்கி. பெண் விசாரிக்க வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் அதைச் சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். டீக்கடையில் உட்கார்ந்து உர விலையைப் பேசுவார்கள், ஆற்றில் தண்ணீர் வந்ததா என்பார்கள், நடுவில் நம் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார்கள். கேட்கப்பட்டவரும் ஒன்றும் புரியாதவர்போல நல்லதைச் சொல்லிவைப்பார்.

ஒரு நாள் காலையில் டீக்கடைக்காரர் போன் செய்தார். எனக்கு அண்ணன் முறை.

"ஆள் வந்திருக்குப்பா. இஸ்திரி சட்டை, கையில தோல்பை. உன்னைப் பத்தி ஜோராச் சொல்லி வச்சிருக்கேன். இப்ப வீட்டுக்குத்தான் வர்றாரு. அந்தக் கம்பைத் தூக்கி உள்ள போடு."

"எதுக்குண்ணே?"

"நொண்டி மாமனார் வேணும்னு எவன்டா தேடிக்கிட்டு வர்றான்? ஒரு அரை மணி நேரம் பல்லைக் கடிச்சிக்கிட்டு நட."

கம்பைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு வாசலுக்கு வந்தேன். வந்தவர் கும்பிட்டார், சட்டைப் பையில் ஒரு பேனா செருகியிருந்தது. நானே உள்ளே போய்ப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டேன். இடுப்பிலிருந்து முழங்கால் வரை கொதித்தது. முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"தண்ணி வந்திடுச்சா இந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

"கடைமடை வரைக்கும் வந்திடுச்சுங்க."

"வயல் வேலையெல்லாம் யார் பாக்கிறது?"

"நானேதாங்க. உட்கார்ந்து சாப்பிடற பழக்கம் நமக்கு இல்லீங்க."

வெளியாளிடம் அவ்வளவு பேசியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். உடம்பு எப்படி என்று அவர் கேட்டபோது எனக்கு முன்னால் என் மனைவி உள்ளேயிருந்து பதில் சொன்னாள்: "அவங்களுக்கு என்னங்க, தலைவலின்னு ஒரு நாள் படுத்ததில்ல." கள்ளிச்சொட்டுப் போலக் கெட்டியாகக் காபி போட்டுக் கொடுத்தாள். பஸ் நிற்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். தெருமுனை வரை அவரோடு நடந்தேன். அவர் தலை மறைந்ததும் மின்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். மனைவிதான் வந்து கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். அடுத்த நாள் முழுக்க எழுந்திருக்க முடியவில்லை. அவளுக்கு மட்டும் சந்தோஷம்.

"ஒரு சொட்டு மிச்சம் வைக்காமக் குடிச்சாரு பாத்தீங்களா? இந்த இடம் முடிஞ்சிடும் பாருங்க" என்றாள்.

ஒரு மாதம் கழித்து வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய கம்ப்யூட்டரில் நான் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தேன். டீக்கடைக்காரர் அண்ணன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்: "அவனா? ஒரு ஆளா நின்னு ரெண்டு ஏக்கர் பாப்பான் சார்." வந்தவர் சட்டைப் பையில் வைத்திருந்தது பேனா இல்லை, கேமரா.

"இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பின ஆளுங்க அது. யாரு, எங்கேருந்து வர்றீங்கன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?" என்றார் வக்கீல்.

"பொண்ணு விசாரிக்க வர்றவங்களை அப்படிக் கேக்கக் கூடாதுங்க சார்."

அவர் என்னையே பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. பிறகு சிரிப்பு போய்க் கோபம் வந்தது. டீக்கடைக்காரரைச் சாட்சியாகக் கூட்டி வரச் சொன்னார். நடந்ததை நடந்தபடி அவர் சொன்னால்தான் வழக்கு நிற்கும் என்றார்.

அண்ணன் தயங்கவில்லை. விசாரணை அன்று கடையை மூடிவிட்டு வந்தார். கூண்டில் ஏறி, பெண் கேட்டு வந்தவர் என்று நினைத்துச் சொன்னதாகவும், நான் கம்பில்லாமல் நடக்கவே முடியாதவன் என்றும் சொன்னார். அப்புறம் கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"அப்ப நீங்க அன்னிக்குச் சொன்னது பொய்?"

"அதைப் போயி யாராச்சும் பொய்யின்னு சொல்லுவாங்களா ஐயா? ஒரு பொண்ணு கல்யாணத்துக்காகச் சொல்ற நாலு நல்ல வார்த்தை."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதிகூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

"சரி. பொண்ணு கல்யாணத்துக்கு நாலு வார்த்தை சொன்ன நீங்க, அப்பாவுக்கு நஷ்ட ஈடு கிடைக்கணும்னா இன்னும் நாலு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?"

அண்ணன் கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார்.

அடுத்து என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். நாற்காலியைத் தூக்கி வருவது நான்தானே என்றார்கள், ஆமாம் என்றேன். அப்போது கம்பு எங்கே என்று கேட்டார்கள். கதவுக்குப் பின்னால் என்றேன். மனைவி பிடித்தால்தான் எனக்குக் கக்கூசில் உட்கார்ந்து எழ முடியும், அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று எங்கள் வக்கீல் பலமுறை சொல்லியிருந்தார். அவள் கடைசி பெஞ்சில் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றி அத்தனை ஆம்பிளைகள்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று நீதிபதி மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்கய்யா" என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஊர் கிட்டே வந்தபோது, "நல்லதுக்குத்தானப்பா சொன்னேன்?" என்றார். ஆமாண்ணே என்றேன். இன்னும் கொஞ்சம் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

தீர்ப்பு வந்தது. லாரிக்காரர் மீதுதான் தப்பு என்று எழுதியிருந்தார்கள். ஆனால் நான் வேலை செய்யக்கூடியவன் என்றும் எழுதியிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் கிடைத்தது, இனி நான் சம்பாதிக்க முடியாமல் போவதற்கென்று கேட்டது கிடைக்கவில்லை. வக்கீல் அப்பீல் போகலாம் என்றார். அதற்கு இன்னும் எத்தனை வருஷம் ஆகும் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. என் மனைவி, "போதும் சார். இவங்களை மறுபடியும் யார் முன்னாடியும் நிறுத்த வேணாம்" என்றாள். நான் கம்பை ஊன்றி எழுந்துகொண்டேன்.

திருத்துறைப்பூண்டிக்காரர்கள் வரவே இல்லை. வழக்கு விஷயம் காதுக்குப் போயிருக்கும்.

வந்த தொகை கடனுக்குப் போய்விட்டது. கடை போட முடியவில்லை. இப்போது விடிகாலையில் நடவு ஆட்கள் வாசலில் வந்து குரல் கொடுக்கிறார்கள், மனைவி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். கடைக்கென்று அவள் நட்ட நாலு மூங்கிலிலும் கயிறு கட்டியிருக்கிறது. சாயங்காலம் வந்து சேற்றுப் புடவையை அலசி அதில்தான் போடுகிறாள். அது காய்ந்ததும் எடுத்து மடித்து வைக்கிறேன். என்னால் நின்றுகொண்டே செய்ய முடிகிற வேலை அது.