கடலாதெனியவில் விரல் கண்ட கோடு

ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் கண்டியிலிருந்து கிளம்பினோம். கடலாதெனிய ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர். போய்வர நாலாயிரம் ரூபா என்று ஆட்டோக்காரர் நிசாம் பேசியிருந்தார்.

என் கணவர் செல்வராஜுக்குப் பார்வை போய் இரண்டு வருடம். துணிக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டார். ஆஸ்பத்திரி தவிர எங்கும் வருவதில்லை. இன்று அவரைக் கிளப்பியது ஒரு வாக்குவாதம். கடலாதெனியவின் பழைய கோயில், நாங்கள் முன்பு பார்த்த மாமல்லபுரத்து ரதங்களைப் போல ஒரே பாறையில் செதுக்கியது என்றேன். அவர் நம்பவில்லை.

பேராதனை தாண்டி, பிலிமத்தலாவயில் இடப்பக்கம் திரும்பினோம். பாறையில் வெட்டிய படிகளில் பாதி ஏறியதும் நின்றுவிட்டார். காற்று பலமாக அடித்தது. என் கையை இறுகப் பிடித்திருந்தார்.

"நான் இங்கயே உக்காந்திருக்கேன். நீ பாத்துட்டு வந்து சொல்லு, சாந்தி."

"நான் சொன்னா நம்ப மாட்டீங்களே."

அவர் காலால் அடுத்த படியைத் தேடினார்.

மேலே பரந்த மொட்டைப் பாறை, வெறுங்காலில் சுட்டது. பதினான்காம் நூற்றாண்டில் தென்னிந்தியச் சிற்பிகளின் பாணியில் எழுந்த கோயில். உள்ளே புத்தர், ஒட்டினாற்போல் விஷ்ணு சன்னதி. சுவரும் பாறையும் ஒரே கருஞ்சாம்பல் நிறம். "பாருங்க, பாறையிலேருந்தே முளைச்சு நிக்குது" என்றேன், வெற்றி பெற்றவளாக.

கோயில் காவலரிடம், இவருக்குப் பார்வை இல்லை என்று சிங்களத்தில் சொன்னேன். மெதுவாகத் தொடலாம் என்று அடித்தளத்துச் சிற்பங்களைக் காட்டினார்.

செல்வராஜ் குனிந்து உள்ளங்கையை வைத்தார். ஆடும் பெண், அவள் தூக்கிய கால், பக்கத்தில் மத்தளக்காரன். ஒவ்வொன்றிலும் விரல் நின்று நகர்ந்தது. திடீரென்று நகத்தால் கீறிக் காட்டினார்.

"இங்க ஒரு கோடு ஓடுது."

கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்த பிறகே எனக்குத் தெரிந்தது: தலைமுடி அகலத்தில் ஓர் இணைப்பு. அதைத் தொடர்ந்து கீழே போனார்.

"இந்தக் கல்லு இங்க முடியுது. இதுக்குக் கீழதான் மலை. தூக்கி வச்சுக் கட்டியிருக்காங்க."

மாமல்லபுரத்தில் வேண்டாத கல்லை எடுத்துக்கொண்டே போனார்கள். இங்கே கல்மேல் கல் வைத்து, மலையே இப்படி வளர்ந்தது என்று நம்ப வைத்திருக்கிறார்கள். நான் நம்பினேன்.

இறங்கி ஆட்டோவுக்கு வந்ததும் நிசாம், "இன்னும் கொஞ்சத் தூரத்துல லங்காதிலக விகாரை இருக்கு சேர். அதுவும் பாறை மேலதான். ஆனா படி நெறைய" என்றார்.

எனக்குக் கால் வலித்தது. "வீட்டுக்கே போவோம்" என்றேன்.

"நீ வேணும்னா ஆட்டோவுல இரு" என்றார் என் கணவர். "நான் பாத்துட்டு வந்து சொல்றேன்."