மூன்று பேர் அமுக்க ஒரு பொத்தான்

எங்கள் டாக்ஸி ஓட்டுநர் சங்கத்துக்கு ஆப் எழுதிக் கொடுத்த குழுவில் ஒரு பெண் இருந்தார்; ஆப்பில் தப்பு இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. யார் எது சொன்னாலும் "சரி, ஆனா…" என்று இழுப்பார். அதனால் நாங்கள் வைத்த பெயர் 'ஆனா அக்கா'.

முன்பு ஒரு கம்பெனி ஆப்பில் ஓடினோம். திடீரென்று ஒருநாள் கணக்கை முடக்கிவிடுவார்கள். ஏன் என்று கேட்க நாதி கிடையாது. பட்டது போதும் என்றுதான் பிளாக்செயின் என்கிற ஏற்பாட்டுக்கு வந்தோம். அதில், யாருக்கு எந்தச் சவாரி, யாருக்கு என்ன மதிப்பெண் என்கிற விதியெல்லாம் நிரலாக ஏறி, ஊர்ப்பட்ட கணினிகளில் ஒரேமாதிரி இருக்கும். ஏற்றிய பிறகு எழுதியவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. எங்களுக்கு அதுதான் பிடித்திருந்தது. அக்காவுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

ஏற்றுகிற அன்று எல்லோரும் ஷெட்டில் கூடியிருந்தோம்.

"ஆனா, ஒருத்தருக்கு ஃபோனும் போய், ரகசியச் சொற்களும் போச்சுன்னா?" என்றார் அக்கா. அந்தச் சொற்கள்தான் அவரவர் கணக்குக்குச் சாவி.

"அதெப்படி ரெண்டும் ஒண்ணாப் போகும்?" என்றார் சங்கத் தலைவர்.

"தலையில கண்ணாடிய வெச்சுக்கிட்டு வீடெல்லாம் தேடுறவங்க நீங்க. போகும்."

ஏற்றுவது தள்ளிப்போனது. நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்கிறாரே என்று ஷெட்டே முணுமுணுத்தது. அக்கா அசைந்தால்தானே! சக ஓட்டுநர் மூன்று பேர் 'ஆள் இவர்தான்' என்று பொத்தானை அமுக்கினால், பழைய கணக்கு புது ஃபோனுக்கு மாறும் என்று ஒரு விதி சேர்த்தார். அந்த அதிகாரத்தைத் தலைவருக்கும் தரவில்லை, தனக்கும் வைத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் என் வண்டி தீப்பிடித்தது. உயிர் தப்பியதே பெரிது. ஃபோன் உள்ளே. சொற்களை எழுதிய தாள்? பத்திரமாக இருக்கட்டும் என்று அதே வண்டியின் டாஷ்போர்டில்தான் வைத்திருந்தேன். என் புத்தியை எங்கே போய்ச் சொல்ல! வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டு. இத்தனை வருஷம் சேர்த்த நல்ல பெயருக்கு ஏது?

"மறுபடியும் முதல்லேர்ந்தா?" என்று மனைவி அழுதாள்.

சங்கத்து ஓட்டுநர் மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் என்னோடு பேச்சையே விட்டுவிட்ட சகலை. முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் அமுக்கினார். என் பெயர், ஓடிய சவாரிகள், பயணிகள் எழுதிய நல்ல வார்த்தைகள் எல்லாம் என் புது ஃபோன் திரையில் வந்து நின்றன. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்காவை ஃபோனில் கூப்பிட்டு நன்றி சொன்னேன்.

"எனக்கெதுக்கு? அமுக்கினது அவங்க மூணு பேரு."

"அமுக்க ஒரு பொத்தான் வேணாமாக்கா? அன்னிக்கு எல்லாரும் திட்டுறாங்கன்னு நீங்க விட்டுக் குடுத்திருந்தா, இன்னிக்கு நான் யாரோ ஒருத்தன்."

"சரி, ஆனா… புதுத் தாளையும் வண்டியிலயே வெச்சுடாதீங்க" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.