எக்ஸ்ரே அக்காவின் எரிந்த படகு

என் அக்கா யாரையும் நம்ப மாட்டாள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. சில பேருக்குச் சுருட்டை முடி, சில பேருக்கு இடதுகைப் பழக்கம், அவளுக்கு இது. வீட்டு வாசலில் மூன்று பூட்டு. மூன்றையும் பூட்டிவிட்டு, மாடிப்படி இறங்கி, தெருமுனை வரை போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். நான் சிரித்தால், "நீ ஏண்டா சிரிக்கிறே? உன்கிட்ட சாவி இருக்கா?" என்பாள்.

அவள் பார்க்கிற வேலையும் அதற்கேற்ற வேலை. மிக்சி, இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி எல்லாம் விற்கிற பெரிய கடை. வாங்கிய பொருளைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்களுக்கென்று கடைசியில், கழிப்பறைக்குப் போகிற வழியில், ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த மேசைக்குப் பின்னால் அக்காதான். வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொல்வார்கள்: "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, அதுவா இப்படி ஆயிடுச்சு." அக்கா பதிலே பேச மாட்டாள். பொருளைக் கவிழ்த்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, திருகாணிகளை நகத்தால் தடவிப் பார்ப்பாள். "தண்ணில போட்டீங்களா, கீழ போட்டீங்களா?" என்று மட்டும் கேட்பாள். பாதிப் பேர் அங்கேயே வழிக்கு வந்துவிடுவார்கள். மீதிப் பேர் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லிக் கத்துவார்கள். மேனேஜர் வருவதற்குள் அவர்களும் வழிக்கு வந்துவிடுவார்கள். கடையில் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே.

"இத்தனை வருஷத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன், 'நான்தாங்க கெடுத்தேன்'னு வந்து நின்னதில்லடா" என்று அலுத்துக்கொள்வாள். "அப்படி ஒருத்தன் வந்தா, கேள்வியே கேக்காம புதுசு எடுத்துக் குடுத்துடுவேன்."

அத்தான் இதற்கு நேர் எதிர். பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். எல்லாரையும் நம்புவார், எதையும் தூக்கிப் போட மாட்டார். கம்பி ஒடிந்த குடை, வார் அறுந்த செருப்பு, மூடி இல்லாத பேனா, பேனா இல்லாத மூடி எல்லாம் அவருடைய பெட்டியில் பத்திரமாக இருக்கும். "என்னிக்காவது உதவும்" என்பார். அந்த என்றைக்காவது இதுவரை வந்ததில்லை.

இவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு படகு வாங்கினார்கள். பழைய படகுதான். ஃபைபரில் செய்தது, பின்னால் ஒரு மோட்டார், முன்னால் இரண்டு பேர் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன அறை. ஊருக்கு வெளியே இருக்கிற ஏரியின் படகுத்துறையில் கட்டிப்போட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரியின் நடுவுக்குப் போய் மோட்டாரை நிறுத்துவார் அத்தான். அவ்வளவுதான், அக்கா அந்த அறைக்குள் மெத்தையில் சாய்ந்து தூங்கிப்போவாள். வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டு, அப்படி ஒரு தூக்கம். வீட்டில் அவள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. குழாய் சொட்டினால் எழுந்திருப்பாள், சொட்டாவிட்டால் ஏன் சொட்டவில்லை என்று எழுந்திருப்பாள். கேட்டதற்கு, "ஏரிக்கு நடுவுல எவன் வந்து கதவைத் தட்டுவான்?" என்றாள். அவள் உலகத்தில் சந்தேகம் நுழையாத ஒரே இடம் அதுதான்.

கரையில் கட்டிப்போட்ட பிறகு அந்தச் சலுகை கிடையாது. படகுக்கும் பூட்டுகள் போட்டாள். அது போதாதென்று, கதவைத் திறந்தால் அலறுகிற சைரன் ஒன்று. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் வயர் எந்தப் பக்கம் போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடுமாம். அதனால் அத்தானையே குனியவைத்து, இவள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, அறையின் உள்சுவர்ப் பலகைக்குப் பின்னால் வயரை ஒளித்து இழுத்தார்கள்.

அந்தப் படகுதான் ஒரு மத்தியானம், யாரும் இல்லாத நேரத்தில், தீப்பிடித்துக்கொண்டது. அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். நாங்கள் போய்ப் பார்த்தபோது அறையின் ஒரு பக்கம் கரிச்சட்டி மாதிரி இருந்தது. மெத்தை போன இடம் தெரியவில்லை. பிளாஸ்டிக் ஜன்னல் உருகி வழிந்திருந்தது. அக்கா குனிந்து முகர்ந்து பார்த்தாள். கடை மேசையில் முகர்வதைப் போலவே. பிறகு நிமிர்ந்து, தண்ணீர் ஊற்றியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அணைக்க வந்த புண்ணியவான்கள் மெல்ல நழுவிப் போனார்கள்.

படகைப் பழுதுபார்க்கும் பட்டறைக்கு இழுத்துப் போனோம். இனி இதைச் சரிசெய்வதா, விட்டுவிட்டு வேறு வாங்குவதா என்பதுதான் கேள்வி. பட்டறைக்காரர் ஒரு நாணயத்தை எடுத்துப் படகின் உடம்பெல்லாம் தட்டிப் பார்த்தார். டக் டக் என்று கெட்டியாகச் சத்தம் வந்தால் ஃபைபர் நன்றாக இருக்கிறதாம். சூட்டில் உள்ளே அடுக்கு பிரிந்திருந்தால் சத்தம் மொத்தென்று வருமாம். "அடிப்பாகம் தண்ணிக்குள்ள இருந்ததால தப்பிச்சிடுச்சும்மா. இந்த ஒரு பக்கம்தான் சந்தேகம். உள்பலகையைப் பிரிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும். சரி பண்ணிடலாம்" என்றார்.

"சரி பண்ணிடலாம்னுதான் சொல்வார். அவருக்கு வேலை வேணும்ல" என்றாள் அக்கா, அவர் காதுபடவே.

அடுத்து படகு விற்கிறவரிடம் போனோம். அவர் விஷயத்தைக் கேட்டதுமே உச்சுக் கொட்டினார். "எரிஞ்ச ஃபைபரை நம்பவே கூடாதும்மா. புதுசா எடுத்துடுங்க." எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று வெளியே வந்ததும் அக்கா சொன்னாள். ஆக, இந்த ஆளும் சரியில்லை, அந்த ஆளும் சரியில்லை. எனக்குத் தலை சுற்றியது. "அக்கா, ரெண்டுல ஒண்ணுதான் உண்மையா இருக்க முடியும். ரெண்டு பேருமே எப்படிப் பொய் சொல்வாங்க?" என்று கேட்டேன். "ஏன், மூணாவது ஒரு உண்மை இருக்கக் கூடாதா?" என்றாள்.

அந்த மூன்றாவதை அவள் வீட்டிலேயே கண்டுபிடித்தாள்.

நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன். ஒரு நாள் வகுப்பு முடித்து வண்டியை நிறுத்தும்போது அக்கா வந்து பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியை ஏற்றினாள். "கதவைச் சாத்து" என்றாள். சாத்தித்தான் இருந்தது.

"உங்க அத்தான் அந்தப் படகைத் தூக்கிப் போட்டுடலாம்ங்கறார்டா."

"சரி, போட்டுட்டா என்ன?"

"உனக்கு மூளை இருக்கா? யாரு சொல்றா? பேனா மூடியை எடுத்து வைக்கிற மனுஷன்! குடைக்கம்பியைத் தூக்கிப் போடச் சொன்னதுக்கு ரெண்டு நாள் என்கூடப் பேசாத மனுஷன்! படகைத் தூக்கிப் போடலாம்னு சொல்றாரே, நம்ப முடியுதா? அது மட்டுமில்ல, பலகையைப் பிரிக்கவே வேணாம், அங்க ஒண்ணுமே இருக்காதுன்னு சும்மா சும்மா சொல்றார். நான் கேக்காமலே சொல்றார்."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். எனக்கும் லேசாக உறுத்தியது.

"நேத்து பட்டறைக்குத் தனியா போயிருக்கார். என்கிட்ட பள்ளிக்கூடத்துல மீட்டிங்னு சொன்னார். மடியில கனமில்லாதவனுக்கு வழியில என்னடா பயம்?" குரலைத் தணித்தாள். "அவர்தான் கொளுத்தியிருக்கார்."

"அத்தானா? அவர் தீக்குச்சி கிழிச்சா அதுவே பயந்து அணைஞ்சிடும்க்கா."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. என் அக்கா அழுது நான் பார்த்தது குறைவு. அழுகிறவர்களையும் அவள் நம்ப மாட்டாள்.

"எல்லாரையும் சந்தேகப்பட்டாச்சுடா. அவரை மட்டும்தான் பட்டதில்ல. அந்தப் படகுல நான் கண்ணை மூடுனது தண்ணியை நம்பி இல்ல, அவர் பக்கத்துல இருக்கார்னுதான். இப்ப அவரையும் நம்ப முடியலைன்னா, நான் எங்க போய்த் தூங்குவேன்?"

மறுநாள் மூவருமாகப் பட்டறைக்குப் போவது, பலகையைப் பிரித்துப் பார்ப்பது, அதற்குப் பிறகு பேசுவது என்று முடிவாயிற்று.

பட்டறையில் உளியைப் பார்த்ததும் அத்தான் முகம் வெளிறிப்போனது. "எதுக்கு இப்ப பிரிக்கணும்? போனது போச்சு. வேற பார்ப்போம்" என்றவர், படகுக்குள் ஏறி அந்தக் கரிந்த சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். மறைக்கிறோம் என்பதே தெரியாமல் மறைத்துக்கொண்டு நின்றார், பாவம்.

"தள்ளுங்க" என்றாள் அக்கா.

அவர் தள்ளி நின்றார். பட்டறைக்காரர் உளியை விட்டு நெம்பியதும் பலகை பாதி கரியாகக் கொட்டியது. உள்ளே வெள்ளை ஃபைபர் தெரிந்தது. அதன் குறுக்கே, பேட்டரிப் பெட்டியிலிருந்து கதவு வரை, சூடு வைத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. சைரன் வயர் போன வழி. உறை முழுக்க உருகி, கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. அது ஓர் இரும்புப் பட்டையில் உரசுகிற இடத்தில் செம்பு உருகி மணியாகத் திரண்டிருந்தது.

"இங்கதான் ஷார்ட் ஆகியிருக்கு" என்றார் பட்டறைக்காரர். வயரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். "ஏங்க, பேட்டரியில நேரா குடுத்திருக்கீங்களே. இதுக்கு ஃபியூஸ் எங்க? ஃபியூஸ் இருந்திருந்தா அது மட்டும் போயிருக்கும், படகு பிழைச்சிருக்குமே."

"நான்தான் மறந்துட்டேன்" என்றார் அத்தான் அவசரமாக. "என் வேலைதான். ஃபியூஸ் வைக்கணும்னு தோணவே இல்லை."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற எத்தனையோ முகங்களைப் பார்த்த கண் அது. பொய் என்று உடனே தெரிந்துவிட்டது. ஆனால் எந்த மாதிரிப் பொய் என்று பிடிபட அவளுக்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. இப்படிப்பட்ட பொய் அந்த மேசைக்கு வந்ததே இல்லை.

"நீங்க ஃபியூஸ் வெச்சீங்க" என்றாள் மெதுவாக. "நான்தான் கழட்டச் சொன்னேன். திருடன் வந்தா முதல்ல ஃபியூஸைத்தான் பிடுங்குவான், அப்புறம் சைரன் எப்படி அடிக்கும்னு சண்டை போட்டேன்."

அத்தான் குனிந்து, கொட்டிய கரியைக் காலால் ஒதுக்கினார்.

"அதுக்குத்தான் பிரிக்க வேணாம்னீங்களா?"

"உனக்குத் தெரிய வேணாம்னு பார்த்தேன்" என்றார். "ஊர்ல ஒருத்தரையும் நம்ப மாட்டே. உன்னை ஒருத்தியைத்தான் நம்பிட்டிருக்கே. அதுவும் போயிடுச்சுன்னா நீ என்ன பண்ணுவியோன்னு பயமா இருந்துச்சு. அதான், முந்தாநேத்து வந்து, யார் கேட்டாலும் என் தப்புன்னு சொல்லிடுங்கன்னு இவர்கிட்ட கேட்டுக்கிட்டேன்."

பட்டறைக்காரர் சங்கடத்தோடு தாடையைச் சொறிந்துகொண்டார். "ஆமாம்மா. என்ன தப்புன்னு அப்ப எனக்குத் தெரியாது."

அக்கா எரிந்த வயரின் முனையைக் கையில் எடுத்தாள். விரலெல்லாம் கரியாயிற்று. "கழட்டுன ஃபியூஸை என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். கேட்டது வீண். அத்தானிடம் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. அவர் எங்கே போனாலும் தூக்கிக்கொண்டு வருகிற தன் கருவிப்பெட்டியைத் திறந்து, அடியில் கையை விட்டுத் துழாவி, காகிதத்தில் சுற்றிய அந்த ஃபியூஸை எடுத்துக் கொடுத்தார். என்றைக்காவது என்பது ஒருவழியாக வந்துவிட்டது.

அக்கா அதைப் பட்டறைக்காரர் உள்ளங்கையில் வைத்தாள்.

"அவர் சொன்னது பொய்ங்க. நான்தான் கெடுத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, அப்படிச் சொல்றவங்களுக்குக் கேள்வியே கேக்காம புதுசு குடுத்துடுவேன்னு சொல்வியே" என்றேன்.

"புதுசு வேணாம்" என்றாள். "இதையே சரி பண்ணிக் குடுங்க. முதல்ல அந்த ஃபியூஸைப் போடுங்க."

பட்டறைக்காரர் நாணயத்தால் அந்தக் கறுத்த சுவரைத் தட்டினார். ஓரிடத்தில் மொத்தென்றது, மற்ற இடமெல்லாம் கெட்டியாகவே கேட்டது. கெட்டதை மட்டும் அறுத்தெடுத்துப் புது ஃபைபர் வைத்துவிடலாம் என்றார். அக்கா நாணயத்தைக் கேட்டு வாங்கித் தானும் ஒரு தரம் தட்டிப் பார்த்தாள். அது இல்லாவிட்டால் அவள் அக்காவே இல்லை.

திரும்பும்போது என் பயிற்சி வண்டியில்தான் வந்தோம். அவர்கள் இருவரும் பின்சீட்டில். ஏரிச்சாலையைத் தாண்டும் முன்பே பின்னால் ஏதோ சத்தம் கேட்டது. டயரோ என்று பயந்து கண்ணாடியைப் பார்த்தேன். அக்கா அத்தான் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் கைக்கரி அவர் சட்டையெல்லாம் ஒட்டியிருந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்து, பேசாதே என்று உதட்டில் விரல் வைத்தார்.

வீட்டுக்குத் திரும்புகிற தெரு வந்தது. நான் திரும்பவில்லை. வேகத்தடைகளில் மெதுவாக ஏறி இறங்கி, ஊரை இன்னொரு சுற்று சுற்றினேன்.