தம்பியின் வயிற்றுவலியும் ஒரு டாக்டரின் சந்தேகமும்

எங்கள் வீட்டில் இரண்டும் பெண் பிள்ளைகள் என்றுதான் எங்கள் கிராமம் உறுவையாறு முழுக்கப் பேச்சு. இளையவன் கல்லூரி முடித்த கையோடு, தான் பெண் இல்லை, ஆண் என்று சொன்னான். முடியை வெட்டினான், பேரை மாற்றினான். அப்பா சில மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு கரும்பு வெட்டு சமயத்தில் அவன் டிராக்டரில் ஏறி உட்கார்ந்ததும், “டேய், பாத்து ஓட்டு” என்றார். அவ்வளவுதான், எங்கள் வீட்டுப் பஞ்சாயத்து முடிந்தது. பள்ளிக்கூடம் பாதியில் விட்ட மனிதர் அவர். நான் சொல்ல வந்தது, நிறையப் படித்த ஒருவரைப் பற்றி.

போன அறுவடைக்கு முன்னால் ஒரு காலை, தம்பிக்கு அடிவயிற்றில் வலது பக்கம் சுருக்கென்று வலி. வண்டியில் உட்காரவைத்து வில்லியனூரில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டரின் பேரைவிடப் பட்டங்கள் நீளம். தம்பிக்கு அப்போதே நல்ல தாடி.

“இன்னா தம்பி, நேத்து நைட்டு பிரியாணியா?” என்றார்.

“சார், நான் திருநம்பி. ஹார்மோன் ஊசி போட்டுக்கினு இருக்கேன். வயித்துல எந்த ஆபரேஷனும் பண்ணல.”

வலியோடு துடிக்கும் ஆள் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

“திருநங்கையா?”

“இல்ல சார், திருநம்பி. பொறந்தப்ப பொண்ணுன்னாங்க. நான் ஆம்பள.”

“ரெண்டும் ஒண்ணுதானப்பா. அப்ப நீ லெஸ்பியனா?”

ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பது ஒன்று, யார்மேல் ஆசைப்படுகிறார் என்பது வேறொன்று. இது தெரியாமலே அவர் இத்தனை வருஷம் நாடி பிடித்திருக்கிறார். தம்பிக்கு யார்மேல் ஆசை என்று அவன் வயிறு கேட்கவில்லை, டாக்டர்தான் கேட்டார். பக்கத்து அறையிலிருந்த இன்னொரு டாக்டரையும் கூப்பிட்டு, “இன்ட்ரஸ்டிங் கேஸ் சார், வந்து பாருங்க” என்றார். இரண்டு பேரும் நின்று பார்த்தார்கள். தாடியைப் பார்த்தார்கள், சட்டையைப் பார்த்தார்கள். வயிற்றை மட்டும் யாரும் தொடவில்லை.

“தம்பி” என்று ஆரம்பித்தவர் “பாப்பா”வில் முடித்தார். “ஒரு கல்யாணம் பண்ணி வைங்கம்மா, எல்லாம் சரியாப் பூடும்” என்று எனக்கு ஆலோசனை. வலிக்கு வாயுத்தொல்லை மாத்திரை.

மத்தியானத்துக்குள் தம்பி வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டான். கார் பிடித்து டவுனில் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே டியூட்டியில் ஒரு பெண் டாக்டர். அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, “சரி. கர்ப்பப்பை, சினைப்பை ரெண்டும் இருக்கு, இல்லையா? அதுல இருந்தும் வலி வரலாம். முதல்ல ஸ்கேன் பார்த்துடலாம்” என்றார். “உங்கள எப்படிக் கூப்பிடணும்?” என்றும் கேட்டார். அவ்வளவுதான். இதற்குப் பெரிய ஞானம் ஒன்றும் தேவைப்படவில்லை.

வலது சினைப்பையில் கட்டி வந்து, சினைப்பையே முறுக்கிக்கொண்டிருந்தது. ரத்த ஓட்டம் நின்று கறுத்துவிட்டதால் அந்தப் பக்கச் சினைப்பையை எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் வந்திருந்தால் காப்பாற்ற வாய்ப்பு இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

“உனக்கு வேணாம்னு இருந்ததுதானேடா” என்று தேற்றப்பார்த்தேன்.

“எப்ப வேணாம்னு நான்தானக்கா சொல்லணும்” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவன் வீடு திரும்பியதும் நான் அந்தக் கிளினிக்குக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன்.

“அடடா, லேடீஸ் பிராப்ளமா? ஆம்பள மாதிரி வந்து நின்னா எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“அவன்தான் வாயத் தொறந்து சொன்னானே சார்.”

“சொன்னாங்க. நான் வேற மாதிரி புரிஞ்சிக்கினேன்” என்று அடுத்த ஆளுக்கு மணி அடித்தார். மன்னிப்பு என்ற சொல்லும் அவர் படித்த பாடத்தில் இல்லை போலிருக்கிறது.

தம்பி இப்போது நன்றாக இருக்கிறான். காய்ச்சல் என்றாலும் பஸ் ஏறி டவுனுக்குத்தான் போகிறான். போன மாதம் அப்பாவுக்கு முழங்கால் வலி. பக்கத்துக் கொல்லையில் பயிர் வைப்பவர் அந்தக் கிளினிக்கைச் சொன்னார்.

“அந்த ஆளா?” என்றார் அப்பா. “என் முட்டியப் பாக்கமாட்டான்யா. என் புள்ள ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டுக்கினு இருப்பான்.”